கைகாட்டியம்மா

அடையாற்றங்கரையில் இருந்த படகுக் கழகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்த முதல் நாளே அவர் என்னைத் திருத்தினார். காலையில் படகு எடுத்துப் போகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் ஒரு நீளமான பதிவேட்டில் எழுத வேண்டும், எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இதுதான் என் வேலை. அவர் பெயருக்கு எதிரே ஐந்தே முக்கால் என்று எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார். கடிகாரத்தை முகப்பு உள்பக்கமாக இருக்கும்படி கட்டியிருந்தார். மணிக்கட்டைத் திருப்பி அதையும் பார்த்தார்.

"அஞ்சே முக்கால் இல்லை. அஞ்சு நாப்பத்திரண்டு."

"மூணு நிமிஷம்தானே மேடம்."

"மூணு நிமிஷத்துல ஒருத்தர் முழுகிப் போயிடலாம். நடந்தது என்னவோ அதை எழுதுங்கோ."

அடித்துவிட்டு எழுதினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அவருக்கு நாற்பத்தைந்து இருக்கலாம். இதைப் படித்தால் "இருக்கலாம்னா என்ன?" என்று கேட்டிருப்பார்.

கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தார். நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதுகிற வேலை. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், காது கேட்காத அம்மாவோடு இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. கழகத்து உறுப்பினர்கள் காரில் வருவார்கள். இவர் சைக்கிளில் வருவார். அப்பா டாக்டர், அந்தக் காலத்து உறுப்பினர். அவர் போன பிறகு உறுப்பினர் இடமும், மரத்தில் செய்த பழைய ஒற்றையாள் படகும் மகளுக்கு வந்தன. அந்தப் படகைத் தனியாகத் தூக்க முடியாது. தினமும் ஒரு முனை அவர் தோளில், மறு முனை என் தோளில். படகுக் கொட்டகையிலிருந்து ஆற்றுச் சரிவில் இறங்கும்போது, கடல் ஏறியிருந்தால் "மேடம், இன்னிக்கு தண்ணி ஏத்தம்" என்பேன், இறங்கியிருந்தால் "வத்தல்" என்பேன். "எவ்வளவு?" என்று கேட்பார். தண்ணீருக்கு மேலே தெரிகிற படியை எண்ணிச் சொல்வேன். அதுதான் எங்கள் பேச்சு.

அடையாற்றில் படகு விடுகிறார்களா என்று கேட்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டேதான் கேட்பார்கள். கோடையில் அது சரி. ஆனால் மழைக்காலம் முடிந்து முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில், கடல் ஏறி வருகிற வேளையில், ஆறு ஆறாகவே இருக்கும். கோட்டூர்புரம் பாலத்துக்கும் அடையாறு பாலத்துக்கும் நடுவே ஆள் அரவம் இல்லாமல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் அவர் படகு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

கழகத்தில் யாரும் அவரோடு பேச மாட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பாவுக்கு அங்கே இரங்கல் கூட்டம் நடந்தபோது, பேசிய ஒருவர், "டாக்டர் யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றாராம். முன்வரிசையில் இருந்த மகள் எழுந்து, "அப்பா கோபக்காரர். என்னை ரெண்டு தடவை அடிச்சிருக்கார். ஆனா துடுப்புப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் இன்னும் முகம் சுளித்துக்கொண்டுதான் சொன்னார். நானே பார்த்ததும் உண்டு. தோட்டக்காரர் ஓய்வு பெற்ற அன்று செயலாளர் "முப்பது வருட சேவை" என்று பேசினார். "இருபத்தேழு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தோட்டக்காரரே தலை குனிந்துகொண்டார்.

தன்னையும் அவர் விட்டு வைக்க மாட்டார். பதிவேட்டில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு பத்தி உண்டு. மற்றவர்கள் அதைத் தொட மாட்டார்கள். இவர் தினமும் எழுதுவார். ஒரு நாள் இப்படி எழுதியிருந்தார்: "வளைவில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுமரத்தில் இருந்தவர் சத்தம் போட்டார். தவறு என்னுடையது." கீழே கையெழுத்து. யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அந்தக் கட்டுமரக்காரரே மறந்திருப்பார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஆற்றுக்கு மோட்டார் படகுகள் வந்தன. முகத்துவாரத்துப் பக்கம் ஒரு கம்பெனி சிவப்பு வண்ணத்தில் மூன்று ஃபைபர் படகுகளை இறக்கியது. தி.நகரில் துணி எடுக்க வருகிற குடும்பங்கள், பறவை பார்க்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஏற்றிக்கொண்டு கோட்டூர்புரம் வரை வந்து திரும்பும். மோட்டார் படகு போனால் பின்னால் அலை எழும். பெரிய படகுக்கு அது ஒன்றுமில்லை. ஒற்றையாள் படகின் அகலம் ஓர் ஆள் உட்காருகிற அளவுதான். விளிம்பு தண்ணீருக்கு நாலு விரல் மேலே இருக்கும். ஓர் அலை பக்கவாட்டில் அடித்தால் படகு நிறைந்துவிடும்.

மோட்டார் படகின் சத்தம் கேட்டதும் அவர் துடுப்பு வலிப்பதை நிறுத்துவார். இரண்டு துடுப்பையும் தண்ணீர்மேல் படுக்கையாக விரித்து, இடது கையால் இரண்டு பிடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையை உயர்த்துவார். உள்ளங்கை வெளியே தெரியும். படகு வேகத்தைக் குறைக்கும் வரை அந்தக் கை இறங்காது. கம்பெனி ஓட்டுநர்கள் அவருக்குக் கைகாட்டியம்மா என்று பேர் வைத்தார்கள்.

அந்த ஓட்டுநர்களில் தேசப்பன் என்று ஒருவன். முகத்துவாரத்துக் குப்பத்துக்காரன், முப்பது வயது, கடலில் வலை போட்டுக்கொண்டிருந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சரிவுக்கு நேரே, படகு நிறைய ஆட்களோடு வந்தான். இவர் நட்டாற்றில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவன் ஒதுங்கினால் இவரும் அந்தப் பக்கம் ஒதுங்கினார்.

"இன்னாமா, வழி வுடு! பேசஞ்சர் கீறாங்க."

"போயேன். மெதுவாப் போ."

"மெதுவாத்தாம்மா போறேன்."

"உன் பின்னாடி திரும்பிப் பாரு, எவ்வளவு அலை வருதுன்னு. அது மெதுவா?"

"மெதுவா ஓட்டினா மொதலாளி கத்றாரு. வேகமா ஓட்டினா நீ எழுதற. நான் இன்னாதான் பண்ணட்டும்?"

"ரெண்டு பேர் கத்தறோம். யாரு சொல்றது சரின்னு நீயே பாரு."

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தேசப்பன் என்ஜினை அடக்கி, அவரைச் சுற்றிக்கொண்டு போனான். அவர் திரும்பி வந்து குறிப்புப் பத்தியில் எழுதினார்: "7.20. கம்பெனி படகு. முதலில் வேகம். சொன்ன பிறகு குறைத்தார்." அந்தக் குறிப்புகளை எல்லாம் மாதாமாதம் நான் தட்டச்சு செய்து, கம்பெனிக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு அனுப்புவேன். கழகத்தில் எல்லோருக்கும் மோட்டார் படகுகள்மேல் கோபம்தான். ஆனால் எழுதியவர் அவர் ஒருவர்தான். இரண்டு வருடத்தில் ஒரு கோப்பு நிறைந்தது. பதில் ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் ஒன்பது மணி ஆகியும் அவர் திரும்பவில்லை. மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. சரிவில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வற்றத்தில் எங்கோ சேற்றில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஏறும் வரை காத்திருந்து, ஒன்பதரைக்கு நிதானமாக வந்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"எங்க மேடம் போயிட்டீங்க?"

"எங்க போறது? ஆத்துலதான் இருந்தேன்."

மயிலாப்பூரில் அவர்கள் வீடுகளில் ஆத்துல என்றால் வீட்டில். எனக்கு ஆத்துல என்றால் ஆற்றில். நான் விழிப்பதைப் பார்த்து அவருக்கும் புரிந்துவிட்டது. சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான்.

நான்காம் வருட மார்கழியில்தான் அது நடந்தது.

அந்த மாதம் ஒரு கல்லூரிப் பெண்கள் குழு போட்டிக்காகக் கழகத்தின் படகில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. நால்வர் துடுப்பு வலிக்க, ஒருத்தி திசை சொல்லுவாள். அன்று காலை நல்ல பனி. அவரும் நானும் படகைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கப் போனோம். அப்போது செயலாளரின் மகன் ஓடி வந்தான். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவன், விடுமுறைக்கு வந்திருந்தான். கழுத்தில் வீடியோ காமிரா தொங்கியது.

"சேகர், லாஞ்ச் சாவி குடு. பொண்ணுங்க ரோ பண்றதை எடுக்கணும்."

லாஞ்ச் என்பது கழகத்தின் சொந்த மோட்டார் படகு. பயிற்சியாளர் குழுவோடு கூடவே போவதற்காக வைத்திருந்தது. அதற்குத் தனி நோட்டு உண்டு. நான் தோளில் படகோடு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

"நோட்டுல கையெழுத்து, சார்."

"வந்து போடறேன்."

அவர் மறு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டுட்டுப் போகச் சொல்லுங்கோ" என்றார். அதற்குள் பையன் போய்விட்டான்.

துடுப்பு வலிக்கிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். கடந்து வந்த ஆறுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அவர் முன்னால் கிளம்பி அடையாறு பாலத்தை நோக்கிப் போனார். பெண்களின் படகு பின்னால் வந்தது. எனவே நடந்தது எல்லாம் அவர் கண்முன்னேதான் நடந்தது.

பாலத்துக்குச் சற்று முன்னால் லாஞ்ச் பெண்களின் படகை ஒட்டி, முழு வேகத்தில் முந்தியது. அவன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் படம் எடுத்தான். அலை பெண்களின் படகைத் தூக்கிப் பாலத்தின் தூணின்மேல் எறிந்தது. படகு கவிழ்ந்தது. முன்னால் இருந்த பெண்ணின் வலது கை துடுப்புக்கும் தூணுக்கும் நடுவே நசுங்கியது. பையன் திரும்பிப் பார்த்தான், பயந்துவிட்டான், லாஞ்சை வட்டமடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டான். அந்த நேரம் பாலத்துக்குக் கீழே பனியில் மெதுவாக வந்துகொண்டிருந்த தேசப்பன்தான் தண்ணீரில் குதித்து ஐந்து பெண்களையும் தன் படகில் ஏற்றினான். அடிபட்ட பெண்ணின் தலையை அவன் வரும் வரை தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

பாலத்தின்மேல் பஸ்கள் நின்றுவிட்டன. மேலிருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்தது? கவிழ்ந்த படகு, அழுகிற பெண்கள், நடுவில் சிவப்பு மோட்டார் படகு. மதியத்துக்குள் ஊரெல்லாம் கம்பெனி படகு மோதியது என்ற பேச்சாகிவிட்டது. தேசப்பனை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள்.

அன்று மாலை செயலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். லாஞ்ச் நோட்டை என் முன்னால் தள்ளினார். அந்தத் தேதியில் இடம் வெறுமையாக இருந்தது.

"லாஞ்ச் நேத்துலேர்ந்து ரிப்பேர். வெளியே எடுக்கலை. எழுது."

நான் பேனாவை எடுக்கவில்லை.

"சேகர், அவன் படிப்பே போயிடும்ப்பா. அந்தக் கம்பெனிக்காரன் இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு யாரையாவது கொல்லத்தான் போறான். எல்லாருக்கும் அவன் போகணும். அந்த அம்மா ரெண்டு வருஷமா எழுதறதும் அதுக்குத்தானே? நீ எழுது."

எழுதினேன். "பழுது. வெளியே எடுக்கவில்லை." என் கையெழுத்தையும் போட்டேன். அன்று இரவு அண்ணன் வீட்டில் சாப்பிடவில்லை. அண்ணியிடம் வயிறு சரியில்லை என்றேன்.

நாலு நாள் கழித்துக் கழகத்தின் கூடத்தில் விசாரணை நடந்தது. அனுமதி கொடுத்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். தேசப்பன் சுவரோரம் நின்றான். மற்ற நான்கு பெண்களும் பனியில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அடுத்த மாதப் போட்டிக்குக் கழகம்தான் படகு தர வேண்டும். அடிபட்ட பெண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எலும்பு முறிந்ததோடு, அந்தத் தண்ணீரைக் குடித்ததில் காய்ச்சலும் சேர்ந்துவிட்டது. அவளும் பனி என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். நான் நோட்டில் இருப்பது சரி என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதிகாரி, "சத்தமா சொல்லுப்பா" என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.

கடைசியில் அவர் வந்தார். அரைநாள் லீவு போட்டுவிட்டு, கோர்ட்டுக்குப் போகிற புடவையில் வந்தார். செயலாளர் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"படகைக் கவிழ்த்தது கழகத்தோட லாஞ்ச். ஓட்டினது செயலாளரோட பையன். இந்தத் தேசப்பன் அப்புறமா வந்து அஞ்சு பேரையும் தூக்கினார். இவர் படகு மெதுவாத்தான் வந்துது. நான் பார்த்தேன்."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "இந்த ஆள் பேர்லயே நீங்க முப்பது கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கீங்களே மேடம்?"

"முப்பத்தாறு. அதெல்லாம் அவர் பண்ணினது. இது அவர் பண்ணலை."

அதிகாரி லாஞ்ச் நோட்டைத் திருப்பிக் காட்டினார். "ஆனா இதுல லாஞ்ச் ரிப்பேர்னு இருக்கே. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் நோட்டைப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாவி கொடுத்தபோது இரண்டடி தள்ளி நின்றவர்.

"நான் கண்ணால பார்த்ததைச் சொன்னேன். நோட்டைப் பத்தி எனக்குத் தெரியாது," என்றார்.

தேசப்பனை விட்டுவிட்டார்கள். இத்தனை புகார் கொடுத்தவரே அவன் இல்லை என்று சொன்னால் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் நோட்டு இருந்ததால் பையன்மேலும் ஒன்றும் வரவில்லை. பனியால் நேர்ந்த விபத்து என்று எழுதி மூடினார்கள். பையன் அடுத்த வாரம் விமானம் ஏறினான். மோட்டார் படகுகள் ஆற்றில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றோடு அவை போயிருக்கும்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல வந்தார், படகை எடுத்தார். நான் "தண்ணி ஏத்தம்" என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஏழு மணிக்கு வளைவில் தேசப்பன் உற்சாகமாகக் கையை ஆட்டிக்கொண்டு வேகமாக வந்தான். இவர் கையைத் தூக்கினார். அவன் நெருங்கி வந்து நிறுத்துவதற்குள் அலை வந்து இவரை நனைத்துவிட்டது. திரும்பி வந்து குறிப்பில் எழுதினார். தேசப்பன் பின்னாலேயே சரிவுக்கு வந்து, அவர் எழுதுவதை எட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மா இது? நேத்து எனக்காவ அத்தினி பேர் முன்னாடி பேசின. இன்னிக்கி என் மேலயே எழுதிக்கினு கீற?"

"அன்னிக்கு நீ பண்ணலை. இன்னிக்குப் பண்ணினே."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அதற்குப் பிறகு அந்த வளைவில் அவன் என்ஜினை அணைத்துவிட்டுத்தான் வருவான்.

கழகம் சிரிக்கவில்லை. முதலில் அவருடைய படகைக் கொட்டகையிலிருந்து எடுத்து வெளியே வெயிலில் போட்டார்கள். பிறகு கழகத்தின் நற்பெயரைக் கெடுத்ததாக அவரை விலக்கி வைத்துக் கடிதம் போட்டார்கள். அதைத் தட்டச்சு செய்தவன் நான். அவரிடம் நேரில் கொடுத்தவனும் நான்தான். நின்றபடியே முழுவதும் படித்தார். பேனாவை எடுத்து ஒரு தேதியைத் திருத்தினார்.

"விசாரணை நடந்தது வியாழக்கிழமை. புதன்னு அடிச்சிருக்கேள்," என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் நானும் அந்த வேலையை விட்டேன். தரமணியில் ஒரு கல்வி நிறுவனத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. மயிலாப்பூருக்குப் போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். பஸ் குளத்தைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் இருப்பேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஒரு கடிதத்தைக் கொடுக்கக் கொட்டிவாக்கம் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் காய்கறிப் பையோடு அவர் நின்றிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது.

"சேகர்தானே?" என்றார். "ஆத்துக்கு வாங்கோ. பக்கத்துலதான்."

அவருடைய அம்மா இறந்துவிட்டார். மயிலாப்பூர் வீட்டை அவருடைய அண்ணன் விற்றுவிட்டார். தன் பங்கில் இங்கே மாடியில் ஒற்றை அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் கடல் சத்தம் கேட்டது. காபி கொடுத்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"மேடம், அந்த லாஞ்ச் நோட்டு..."

"தெரியும். நான் பக்கத்துலதானே நின்னுண்டிருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லலை?"

அவர் ஜன்னலை ஒருக்களித்துச் சாத்தினார்.

"இருபத்திரண்டு வருஷமா ஒரு வார்த்தை விட்டதில்லை சேகர். அன்னிக்கு விட்டேன்."

"என் வேலை போயிடும்னா?"

"அப்படின்னு சொன்னா நன்னாத்தான் இருக்கும். ஆனா அது இல்லை. கோர்ட்டுல நான் எழுதற ஆள். என்னண்ட யாரும் பேச மாட்டா. ஆத்துல அம்மாவுக்குக் காது கேக்காது. நாள் முழுக்க ஒருத்தர் என்னண்ட பேசறதுன்னா, கார்த்தால நீங்க தண்ணி ஏத்தம், வத்தல்னு சொல்வேளே, அதுதான். உங்களைக் காட்டிக் கொடுத்தா அது நின்னுடும்னு தோணித்து. அவ்வளவுதான்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நின்னுதான் போச்சு," என்றார்.

கடற்காற்றில் நாள்காட்டி படபடத்தது. அவர் எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதிக் கொண்டுவந்தார். அடிபட்ட பெண்ணின் விலாசம். அசோக் நகர். எங்கள் தெருவிலிருந்து ஆறாவது தெரு.

"அந்தக் கை முழுசா நீளலை. போன வருஷம் தேடிண்டு போனேன், நான் எதை விட்டேன்னு சொல்றதுக்கு. அவ அப்பா பாதியிலேயே கதவைச் சாத்திட்டார். உங்க பேரைச் சொல்லலை. அது நீங்க சொல்ல வேண்டியது."

"போறேன் மேடம்."

"என்னிக்கு?"

"இந்த வாரம்."

நான் அந்த வாரம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. காகிதம் ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவைத் தவிர்த்துவிட்டுச் சுற்றுவழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே கிளம்பிப் போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் பெண்தான் திறந்தாள், இடது கையால். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்: சாவி, நோட்டு, விசாரணையில் இரண்டு தடவை சொன்ன பொய்.

அவள் கோபப்படவில்லை. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"லாஞ்ச்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார். எங்க நாலு பேருக்கும் தெரியும். பின்பக்கம் பார்த்து உக்காந்துதானே வலிக்கிறோம், வந்தது தெரியாதா? நானும்தான் பனின்னு எழுதிக் குடுத்தேன்." தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "அந்த மேடம் வந்தப்ப அப்பா கதவைச் சாத்திட்டார். நான் உள்ளே நின்னு எல்லாத்தையும் கேட்டேன். வெளியே வரலை. அவங்களைப் பார்த்தீங்கன்னா சொல்லுங்க சார், நானும் பார்த்தேன்னு. அவங்க மட்டும் இல்லை, நானும் பார்த்தேன்னு."

அன்றே கொட்டிவாக்கம் போனேன். பஸ்ஸில் உட்காரக்கூட இல்லை. அவர் எப்படிக் கேட்பார் என்று தெரியும்: என்ன சொன்னா, அப்படியே சொல்லுங்கோ. அந்தப் பெண் சொன்னதை வழி நெடுக ஒரு சொல் மாறாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாடிக் கதவில் வேறு பூட்டு தொங்கியது. ஜன்னலில் திரைச்சீலை இல்லை. எதிர்வீட்டுப் பெண்மணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அவங்க காலி பண்ணிக்கினு போயி ரெண்டு மாசம் ஆவுதே. வேலைய வுட்டுட்டாங்களாம். வடக்க எங்கியோ அண்ணன் வூட்டாண்ட போறேன்னாங்க."

"விலாசம் ஏதாவது?"

"இல்லீங்க. நான் கேட்டேன், யாராச்சும் தேடிக்கினு வந்தா குடுக்கறதுக்கு வேணுமேன்னு. யாரும் வர மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க."

கீழே இறங்கி வந்து ரோட்டோரம் நின்றேன். இரண்டு பஸ் வந்து போயின. ஏறவில்லை.